ஆறாயிரம் ஸ்டெப்

அந்த ஓரம் வேண்டாம்க்கா, பெஞ்ச் ஆடும். இப்படி வாங்க. மூச்சு வாங்குதா? வாயால இழுக்காதீங்க, மூக்கால இழுங்க. மூணு நாளா உங்களைப் பார்த்துட்டுத்தான் இருக்கேன். முதல் நாள் ரெண்டு ரவுண்டு, நேத்து ஒண்ணு, இன்னைக்கு அரை. நாளைக்கு வரமாட்டீங்க. கோவிச்சுக்காதீங்க, உள்ளதைச் சொல்றேன். இந்தக் கண்மாய்க்கரைக்குப் புது ஷூ மாட்டிட்டு வர்றவங்க பாதிப் பேர் நாலாவது நாள் வர்றதில்லை.

தினம் எப்படி வர்றேன்னா, எனக்கு வேலையே அதுதான். லேடீஸ் ஜிம்ல இருக்கேன். ரிசப்ஷன்னு சொல்லித்தான் எடுத்தாங்க, இப்ப ஆன்ட்டிகளுக்கு நான்தான் எண்ணுவேன், நான்தான் சொல்லிக் குடுப்பேன். வயசு பதினெட்டு. பதினொண்ணாவதோட நின்னுட்டேன். பெயில் எல்லாம் இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்து ஒருத்தர் வாசிக்கறதை எழுதிட்டே இருக்கணும், என்னால முடியலை, வந்துட்டேன். அப்பா ரெண்டு நாள் பேசலை. அம்மா அழுதுச்சு. நான் வீட்டுல பேசறதையே குறைச்சுட்டேன். பேசினா படிப்புலதான் வந்து முடியும், எதுக்கு?

ஒரு விஷயம் சொல்றேன், அப்புறம் நாளைக்கு வர்றதும் வராததும் உங்க இஷ்டம்.

எங்க அம்மா பேரு பஞ்சவர்ணம். அப்பளம் தேய்க்கும். கம்பெனிக்காரங்க மாவு உருண்டையைக் கொண்டுவந்து குடுத்துட்டுப் போவாங்க, வீட்டுல வெச்சுத் தேய்ச்சுக் காயவெச்சுக் குடுக்கணும். எங்க தெருவுல எல்லா வீட்டுலயும் அதுதான். காலையில சம்மணம் போட்டுப் பலகைக்கு முன்னாடி உட்கார்ந்தா, சோறாக்க ஒரு தடவை எந்திரிக்கும், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருசம் அப்படி. சுகர் வராம என்ன செய்யும்? பார்த்தப்போ முந்நூத்து நாப்பது.

டாக்டரம்மா சொன்னாங்க, தினம் முக்கால் மணி நேரம் நடக்கணும், தினம் பாதத்தைப் பார்க்கணும், சின்னக் கீறல் இருந்தாலும் ஓடி வரணும். அம்மா எல்லாத்துக்கும் தலையாட்டுச்சு. வெளிய வந்து என்ன சொல்லுச்சு தெரியுமா? "நான் எங்கடி போய் நடக்க?"

எங்க தெருவுல பொம்பளை காரியம் இல்லாம நடந்தா அதுவே ஒரு பெரிய காரியம்க்கா. முதல் நாள் காலையில அஞ்சரைக்குக் கூட்டிட்டுக் கிளம்பறேன். பக்கத்து வீட்டு சகுந்தலாக்கா வாசல் தெளிச்சுட்டு இருந்துச்சு. வாளியைக் கீழ வெச்சுட்டு, "என்ன மதினி, ஆத்தாளும் மகளுமா விடியக்காலையில? யாரு வீட்டுல என்ன?"ன்னுச்சு. எழவு வீட்டுக்குப் போறோம்னு நினைச்சுருச்சு. அம்மா அப்படியே திரும்பிருச்சு பாருங்க. நான் விடலை. உள்ள போய் ஒரு மஞ்சப்பையைக் கையில குடுத்தேன். "யாரு கேட்டாலும் பால் வாங்கப் போறேன்னு சொல்லு." அன்னையில இருந்து அந்தப் பை இல்லாம அம்மா நடந்ததில்லை. நிஜமாவே பாலும் வாங்கணும், ஏன்னா திரும்பும்போது பையை எட்டிப் பார்ப்பாளுக. "ஏன் மதினி, நம்ம முக்குக் கடையில பால் இல்லையா?" "அங்க புளிச்சுப் போகுது." ஒரு மைல் தள்ளிப் போய் வாங்கினா புளிக்காதாம். அதையும் நம்பினாங்க.

ஒரு காரியத்தை இருபத்தோரு நாள் விடாம செஞ்சா அது பழக்கமாயிரும்னு வீடியோவுல சொல்லுவாங்கல்ல, அதை நம்பித்தான் ஆரம்பிச்சேன். காலண்டர்ல தினம் ஒரு டிக். போன்ல டைமர். நான் போட்ட சட்டம்: நிக்கக்கூடாது, வேகம் குறையக்கூடாது, யார்ட்டயும் கதை பேசக்கூடாது. அம்மாவுக்கு நிக்கணும். எல்லாத்துக்கும் நிக்கணும். போற வழியில ஒரு வீடு கட்டிட்டு இருந்தாங்க. தினம் அங்க நிக்கும். "சுபி, பாரு, நேத்து இடுப்பளவு இருந்துச்சு, இன்னைக்கு ஜன்னல் வெச்சுட்டாங்க." யாரு வீடுன்னே தெரியாது. "அடுப்படியை ஏன் தெக்கால வெக்கிறாங்க?"ன்னு கவலைப்படும். நான் டைமரைக் காட்டுவேன். "நட, நின்னா பலன் இல்லை." கொஞ்ச தூரம் வேகமா வரும், மறுபடி வாயைத் திறக்கும்.

ஒரு நாள் சொல்லுச்சு, "எட்டாவதுல நான் ஓட்டப் பந்தயத்துல செகண்டு தெரியுமா. டம்ளர் குடுத்தாங்க."

"நீயா?"

"நான்தான். பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஓடினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வயசுக்கு வந்தேன்."

அவ்வளவுதான் கதை. நான் சொன்னேன், "பேசிட்டே நடந்தா மூச்சு வாங்கும், வாயை மூடிட்டு வா." அதுக்கு அம்மா, "வீட்டுலதான் நீ வாயைத் திறக்கறதில்லை. இங்கனயாச்சும் திட்டவாவது திறக்கிறியே"ன்னு சிரிச்சுச்சு.

வீட்டுக்கு வந்ததும் வாசல் குழாயில காலைக் கழுவி விடுவேன். துடைச்சுட்டு, போன் லைட்டை அடிச்சு விரல் இடுக்கு, குதிகால், கணுக்கால் எல்லாம் பார்ப்பேன். டாக்டரம்மா சொன்னதாச்சே. அம்மாவுக்குக் கூச்சம். "விடுடி, பார்க்கறவ மகளைக் காலைப் பிடிக்க விட்டிருக்கான்னு சொல்லுவா." சொல்லிட்டே காலை நல்லா நீட்டிக் குடுக்கும்.

ரெண்டு மாசத்துல முந்நூத்து நாப்பது நூத்து எழுபது ஆச்சுக்கா. டாக்டரம்மா என்னைப் பார்த்து, "படிச்சு இந்த வேலைக்கே வா"ன்னாங்க. படிப்புன்னு சொன்னதுதான் பிடிக்கலை, மத்தபடி சந்தோசம். எனக்கும் தெம்பாயிருச்சு. அந்தத் தெம்புலதான் ஜிம்ல போய் வேலை கேட்டேன். எங்க அம்மாவுக்குச் சுகரைக் குறைச்ச கதையைச் சொன்னேன், உடனே எடுத்துக்கிட்டாங்க. அஞ்சரை மணி பேட்ச்.

அம்மா கேட்டுச்சு, "அப்ப நீ நடக்க வரலையா?"

"அறுபத்தெட்டு நாள் ஆச்சும்மா. இருபத்தொண்ணே போதும்னுதான் சொல்றாங்க. இன்னுமா நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்?"

அம்மா மஞ்சப்பையை மடிச்சு ஆணியில மாட்டுச்சு. ஓனர் மேடம் ஸ்டெப் எண்ணுற அவங்க பழைய பேண்ட் ஒண்ணைக் குடுத்தாங்க. உங்க கையில இருக்கே, அது மாதிரிதான், கொஞ்சம் மட்டம். அதை அம்மா கையில கட்டி விட்டேன். "இது எண்ணும், என் போன்ல காட்டும். தினம் ஆறாயிரம் வரணும்." மத்தியானம் வேலை முடிஞ்சு வந்ததும் முதல் வேலையா போனை எடுத்துப் பார்ப்பேன். ஆறாயிரத்து நூத்து இருபது. "சூப்பர்மா!"ம்பேன். அம்மா முகம் அப்படியே விரியும். மறுநாள் ஆறாயிரத்து முந்நூறு. "சூப்பர்மா!" சாப்பிட்டுப் படுத்துருவேன். உடம்பு அலுப்புக்கா, அஞ்சரையில இருந்து நின்னுட்டே இருக்கணும், பேசிட்டே இருக்கணும்.

ஜிம்ல பேச்சுதான் முக்கியம். ஓனர் மேடம் சொல்லுவாங்க, "எக்சர்சைஸ் சொல்லிக் குடுக்க டிவி போதும் சுபி. அவங்க வர்றது நீ பேசறதுக்கு." நிஜம்தான். ஒரு ஆன்ட்டி மருமகளைப் பத்தி சொல்லிட்டே அம்பது உட்கார்ந்து எந்திரிப்பாங்க, எண்ணினதே தெரியாது. நான் லீவு போட்டா அவங்களும் லீவு. அந்தச் சூட்சுமம் எனக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் எங்க பேட்ச்ல யாரும் நின்னதில்லை.

அஞ்சு மாசம் இப்படிப் போச்சு. நம்பர் ஏறிட்டே போகுது. கல்யாண சீசன் வந்தப்போ எட்டாயிரம், எட்டாயிரத்து ஐந்நூறு. எனக்கு ஒரே பெருமை. ஜிம்ல எல்லார்ட்டயும் காட்டுவேன், "நாப்பத்தேழு வயசு எங்க அம்மா, அப்பளம் தேய்க்கிற பொம்பளை, பாருங்க." சுகர் டெஸ்டுக்குத் தேதி வந்தப்போ அம்மா, "போணுமாடி?"ன்னுச்சு. "எட்டாயிரம் நடக்கிற, எதுக்கு ஊசியைக் குத்திக்கிட்டு? அடுத்த மாசம் பார்த்துக்கலாம்"னு சொன்னது நான்தான். சகுந்தலாக்கா வீட்டு விசேசத்துல கேசரி குடுத்தப்போ, "இன்னைக்கு நம்பர் இருக்கு, சாப்பிடு"ன்னு சொன்னதும் நான்தான். மறைக்க என்ன இருக்கு?

ஒரு ஞாயித்துக்கிழமை. ஜிம் லீவு. ஞாயிறு மட்டும்தான் தூங்க முடியும், ஒன்பது மணிக்கு எந்திரிச்சு டீயைக் குடிச்சுட்டே போனைப் பார்க்கறேன். அம்மா எதுக்க உட்கார்ந்து தேய்ச்சுட்டு இருக்கு. நாலாயிரத்து பதினொண்ணு. கீழ வெச்சுட்டு மறுபடி எடுத்தா நாலாயிரத்து முப்பது. பேண்ட் கெட்டுப் போச்சோன்னு நினைச்சேன். அம்மாவைப் பார்க்கறேன், கட்டையை முன்னால தள்ளுது, பின்னால இழுக்குது, மாவைத் திருப்பிப் போடுது, மறுபடி தள்ளுது. தள்ளத் தள்ள நம்பர் ஏறுது. நாலாயிரத்து நாப்பத்தாறு, நாப்பத்தெட்டு. சம்மணம் போட்டு உட்கார்ந்தபடியே நடந்துட்டு இருக்குக்கா எங்க அம்மா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

"இத்தனை நாளும் இதுதானா?"

அம்மா கட்டையை நிறுத்தலை. "எது?"

"நடக்கப் போறதே இல்லையா நீ?"

"முதல்ல ரெண்டு நாள் போனேன்."

"அப்ப என்னை ஏமாத்திட்டு இருந்திருக்க!"

"நான் எங்கடி ஏமாத்துனேன்? நான் நடந்தேன்னு ஒரு நாளாச்சும் சொன்னேனா? நீதான் போனைப் பார்த்துட்டு சூப்பர்மா, சூப்பர்மாங்கிற. குறைஞ்ச அன்னைக்கு நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போய் படுத்துருவ. அதான் நீ வர்றதுக்குள்ள இன்னும் நாலு உருண்டையைச் சேர்த்துத் தேய்க்கிறது."

சேர்த்துத் தேய்க்குமாம். நம்பருக்காக. "எந்திரி"ன்னேன். "இப்பவே எந்திரி, இப்பவே நடக்கணும்." கையைப் பிடிச்சு இழுத்தேன். அம்மா பலகையைத் தள்ளிட்டு, சுவத்தைப் பிடிச்சு எந்திரிச்சு ரெண்டு எட்டு வெச்சுச்சு. சிமெண்டுத் தரையில ஈரம். மாவுத் தண்ணி கொட்டிருச்சோன்னு குனிஞ்சு பார்த்தேன். தண்ணி இல்லை.

இடது கணுக்கால், வெளிப்பக்க மொளி. சம்மணம் போட்டா தரையில அழுந்துமே, அந்த இடம். அப்பளம் தேய்க்கிற எல்லாருக்கும் அங்க காய்ப்பு இருக்கும். அந்தக் காய்ப்பு வெடிச்சு உள்ள போயிருக்கு. ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் குழி, சுத்திலும் கறுப்பு. நாத்தம் அப்பத்தான் தெரியுது. அத்தனை நாள் மாவு வாசனையில தெரியலை போல.

"வலிக்கலையாம்மா?"

"இல்லையே. புண்ணா இருக்கு?"

சுகர்க்காரங்களுக்கு வலிக்காதாம்க்கா. டாக்டரம்மா சொன்னதுதான். அதுக்குத்தான் தினம் பார்க்கச் சொன்னாங்க. நான் நடக்கப் போறதை நிறுத்தினதோட அந்தக் கால் கழுவுறதும் நின்னு போச்சு. யாரும் வேணும்னு நிறுத்தலை. வந்து கழுவுறதுன்னா, போயிருக்கணும்ல.

பெரியாஸ்பத்திரியில பதினொரு நாள் இருந்தோம். முதல்ல கிழிச்சு விட்டாங்க. அப்புறம் கறுப்பு மேல ஏறுதுன்னாங்க. அப்புறம் முட்டிக்குக் கீழ எடுக்கணும்னாங்க. அப்பா கையெழுத்துப் போடும்போது, "எந்தக் கால் சார்?"னு கேட்டாரு. அவருக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டாரு.

எடுத்த காலை என்ன செய்வாங்கன்னு நான் யோசிச்சதே இல்லை. கேட்டா, வீட்டுக்காரங்க கையில குடுத்துருவாங்க, கொண்டுபோய்ப் புதைக்கணும். துணியில சுத்தி, மேல கவர் போட்டுக் குடுத்தாங்க. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுறவரு, எத்தனை மூட்டை தூக்கியிருப்பாரு, அதை வாங்க மாட்டேனுட்டாரு. நான் வாங்கிக்கிட்டேன். வண்டியில முன்னாடி உட்கார்ந்து மடியில வெச்சுக்கிட்டேன். சுடுகாட்டு வாசல்ல ஒருத்தர், பொம்பளைப் பிள்ளை உள்ள வரக்கூடாதுன்னாரு. "அந்தச் சட்டம் முழு ஆளுக்கு"ன்னு சொல்லிட்டு உள்ள போனேன். குழியில வைக்கறதுக்கு முன்னாடி கவருக்கு மேலயே தடவிப் பார்த்தேன். அஞ்சு விரலும் இருந்துச்சு. அந்தக் காலுக்கு விரல்ல ஒரு குறையும் இல்லைக்கா.

அப்பவும் நான் அழலை. ஆஸ்பத்திரிக்கு வந்து, அம்மா கண்ணு முழிச்சதும், கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு மனசுல வெச்சுக்கத் தெரியாது. "அறுபத்தெட்டு நாள் அவ்வளவு நல்லா நடந்தியே, ஏம்மா நிறுத்தின?"

அம்மா கூரையைப் பார்த்துட்டே, "தனியா என்னத்தைப் போய் நடக்க?"ன்னுச்சு.

தனியா போகப் பயமாம். அந்த வீடு கட்டுற இடத்துல ரெண்டு நாய் கிடக்கும், அதுக்காகத்தான் இருக்கும். சொல்லியிருந்தா ஒரு குச்சி வாங்கிக் குடுத்திருப்பேன். வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்?

இதெல்லாம் நடந்து ரெண்டு மாசம் ஆகப் போகுது. ஓனர் மேடம் நல்லவங்க, அம்மாவைப் பார்த்துக்கன்னு என்னைப் பத்து மணி பேட்சுக்கு மாத்திட்டாங்க. இப்ப காலையில எனக்கு வேலையே இல்லை. ஆனா அஞ்சே காலுக்கு முழிப்பு வந்துருது. அம்மாவுக்கும் வந்துரும். எந்திரிச்சு, சுவத்துல சாய்ஞ்சு உட்கார்ந்து, என்னையே பார்க்கும். அப்பா நாலு மணிக்கே மார்க்கெட்டுக்குப் போயிருவாரு. நாங்க ரெண்டு பேருதான். என்ன பேசறது? எனக்கு அங்க இருக்க முடியலை. ஷூவை மாட்டிட்டு இங்க வந்துருவேன். அதான் தினம் வர்றேன். நீங்க கேட்டீங்கள்ல.

அம்மாவைச் சும்மா விட்டுட்டு வர்றேன்னு நினைக்காதீங்க. பிசியோ சார் பயிற்சி சொல்லிக் குடுத்திருக்காரு. எடுத்தது போக மிச்சமிருக்கிற காலை முட்டி மடங்காம நேரா நீட்டித் தூக்கணும், பத்து எண்ணி இறக்கணும், வேளைக்கு முப்பது தடவை. செய்யலைன்னா முட்டி மடங்கினபடியே இறுகிரும். இறுகிட்டா செயற்கைக் கால் மாட்ட முடியாது, ஆயுசுக்கும் உட்கார்ந்தேதான். அளவெடுக்கத் தேதி குடுத்துட்டாங்க. இன்னும் பதினெட்டு நாள்.

அம்மா, "நீ எண்ணுடி, நான் தூக்கறேன்"னுச்சு. ரெண்டு நாள் உட்கார்ந்து எண்ணினேன். அந்தக் காலைப் பார்த்துட்டே எண்ணணும். துணி சுத்தி, மொட்டையா, எண்ண எண்ண மேல வரும். ரெண்டாவது நாள் பதினேழோட எந்திரிச்சுட்டேன். வெளிய போயிட்டேன். அப்பத்தான் ஒரு ஐடியா வந்துச்சு. பழைய போன்ல என் குரலைப் பதிவு பண்ணி வெச்சுட்டேன். "ஒண்ணு, ரெண்டு, மெதுவா இறக்கு. சூப்பர்மா. இன்னொரு தடவை." முழுசா முப்பதும். பட்டனை அமுக்கினாப் போதும். எந்நேரம் வேணாலும் செய்யலாம், என்னை எதிர்பார்க்க வேண்டாம். எப்படி ஐடியா? ஜிம்ல சொன்னேன். மேடம் என்னையே பார்த்தாங்க.

நேத்து சகுந்தலாக்கா பிடிச்சு நிறுத்தி, "ஏண்டி, நீ இல்லாத நேரத்துல எல்லாம் உன் குரலு கேட்குதேன்னு எட்டிப் பார்த்தேன்"னுச்சு. என்ன பார்த்துச்சாம் தெரியுமா? அம்மா போனைக் காதோட வெச்சுக்கிட்டு ஒருக்களிச்சுப் படுத்திருக்காம். காலைத் தூக்கறதே இல்லையாம். முட்டியை மடக்கி வெச்சுக்கிட்டுச் சும்மா கேட்டுட்டே இருக்காம். நான் சூப்பர்மாங்கிறப்ப மட்டும் "ம்"ங்குதாம். முடிஞ்சதும் மறுபடி முதல்ல இருந்து போடுதாம்.

எப்படி இருக்கும் எனக்கு? மறுபடியும் ஏமாத்துது பாருங்க. கால் போயும் புத்தி வரலை. இன்னைக்குப் போய் அதை அழிச்சுட்டு வேற பதிவு பண்ணப் போறேன். இந்தச் சூப்பர்மா எல்லாம் கிடையாது. கண்டிப்பா, வாத்தியார் மாதிரி எண்ணப் போறேன்.

ஏன்க்கா, கண்ணுல என்ன, தூசியா? இந்தாங்க, என் துண்டு சுத்தமாத்தான் இருக்கு. எந்திரிங்க, நடங்க, நானும் உங்ககூட வர்றேன். கூட ஒரு ஆள் பேசிட்டு வந்தா தூரமே தெரியாது.

இல்லைக்கா, வீட்டுக்கு இப்ப வேண்டாம். ஏன் திரும்பத் திரும்ப அதையே சொல்றீங்க? இன்னும் மணி ஏழு ஆகலை. அம்மா எங்க போயிரப் போகுது?